மூன்றாவது பாட்டைப் பாடியவள்

கோயென்ஜி, டோக்கியோ
1993 ஏப்ரல் 18

ரிட்சுகோ,

உறையின் பின்பக்கம் டோக்கியோ முகவரியைப் பார்த்திருப்பாய். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சப்போரோவில் இல்லை. சப்போரோவில் எனக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன சித்தப்பா என்று ஒருவரும் இல்லை.

குஷிரோ ஸ்டேஷனில் நீ ஜன்னலுக்கு வெளியே நின்று உன் கம்பளித் துண்டைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டாயே, அப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ரயில் கிளம்பிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் ரயில் கிளம்ப இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது.

ஜனவரியில் பள்ளி இசை அறையில் நாம் மூன்று பாட்டுப் பதிவு செய்து அனுப்பினோமே, அந்த கேசட் ஒரு கம்பெனிக்காரர் கையில் கிடைத்திருக்கிறது. இகராஷி என்று பெயர். எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். முதல் இரண்டு பாட்டும் நன்றாக இருக்கின்றன, குரல் கணீரென்று இருக்கிறது என்றார். உன் குரலைத்தான் சொல்கிறார் என்று எனக்குச் சந்தோஷம். அடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆனா அந்த மாதிரி குரல் இங்க நிறைய இருக்கு. மூணாவது பாட்டு பாடுன பொண்ணு யாரு? அது மட்டும் வந்தா போதும்."

மூன்றாவது பாட்டு அன்று உனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் நான் பாடியது. நான் மாட்டேன் என்று அழுததும், நீதான் வாத்தியங்கள் வைக்கும் சின்ன அறைக்குள் என்னைத் தள்ளி, "யாரும் பாக்க மாட்டாங்க, அந்தப் பெரிய டிரம்முக்குப் பாடுடி" என்று கதவைச் சாத்தினாய். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட எனக்கும் சேர்த்து நீதான் பதில் சொல்வாய். அப்படிப்பட்ட நான் எப்படிப் போவேன் என்று நினைத்தேன். போக மாட்டேன் என்று சொல்லத்தான் அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

பாட்டு எழுதுவது நான், பாடுவது நீ. மூன்று வருஷமாக அப்படித்தானே இருந்தோம். மன்னிப்புக் கேட்கும் கடிதத்தை எப்படி முடிப்பது என்றும் தெரியவில்லை.

தொமோயோ


குஷிரோ
1993 மே 2

தொமோயோ,

உன் கடிதத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். மீன் சந்தையில் உன் அம்மாவைப் பார்த்தேன். "என்னம்மா, நீயும் கூடத்தான் டோக்கியோ போறேன்னு நெனச்சேன், இங்கயே இருக்கியே?" என்று கேட்டார். சுற்றிலும் பத்துப் பேர். ஒரு கையில் ஐஸ் ஒழுகும் நெத்திலிப் பொட்டலத்தோடு நான் சிரித்துச் சமாளித்தேன். பிறகு பாலத்தின் மேல் நின்று அந்தப் பொட்டலத்தை ஆற்றில் எறிந்தேன். வீட்டில் திட்டு வாங்கினேன்.

அவர்கள் உன்னைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் கோபம் இல்லை.

மேலே எழுதியது பொய். இருக்கிறது. ஆனால் அது ஆறிவிடும். ஆறாதது இன்னொன்று. நீ ஆறு நிமிஷத்தில் சொல்லியிருந்தால் நான் ஒரு நிமிஷம் கத்தியிருப்பேன், ஒரு நிமிஷம் அழுதிருப்பேன், மிச்சம் நான்கு நிமிஷத்தில் உனக்கு ஸ்டேஷன் சாப்பாடு வாங்கித் தந்திருப்பேன். என்னை உனக்கு அவ்வளவுதான் தெரியும்.

எல்லோரும் உன்னைக் கூச்சக்காரி என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்து உனக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கூச்சத்தில் பாதி கோழைத்தனம்.

நான் சுற்றுலா பஸ் கம்பெனியில் கைடாகச் சேர்ந்துவிட்டேன். துண்டை நீயே வைத்துக்கொள். எழுதாதே.

ரிட்சுகோ


கோயென்ஜி
1993 டிசம்பர் 12

ரிட்சுகோ,

எழுதாதே என்றாய். ஏழு மாதம் எழுதாமல் இருந்தேன். இதற்கு நீ பதில் போட வேண்டாம். ஆனால் யாரிடமாவது சொல்லவில்லை என்றால் நான் ஊமையாகவே ஆகிவிடுவேன் போலிருக்கிறது.

காலையில் ஒரு சலவைக்கடையில் வேலை. ஆஸ்பத்திரி நர்சுகளின் சீருடைகளை இஸ்திரி போடுகிறேன். மத்தியானத்துக்கு மேல் பாட்டு எழுதுகிறேன். வாரம் ஒரு நாள் இகராஷி என்னை நிலவறையில் இருக்கும் ஒரு சின்ன அரங்குக்கு அழைத்துப் போகிறார். கம்பெனி என் முதல் இசைத்தட்டை வெளியிடும் முன் நான் ஆட்களுக்கு முன்னால் பாடிப் பழக வேண்டுமாம்.

போன வாரம் பதினோரு பேர் வந்திருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்காமல் பக்கவாட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடினேன். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் மற்றவர்கள் ஏதாவது வேடிக்கையாகப் பேசுவார்கள். நான் கிடாரின் தந்தியை முறுக்கிக்கொண்டே இருந்தேன். மூன்று நிமிஷம். பின்னால் யாரோ, "அந்தப் பொண்ணு அழுவுதா?" என்று கேட்டது காதில் விழுந்தது. மேடையை விட்டு இறங்கி நேராகக் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

இகராஷி திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. "அடுத்த வாரம் சுவரை விட்டு ஒரு முழம் இந்தப் பக்கம் திரும்பி உக்காரு, போதும்" என்றார்.

நீ எப்படி மனிதர்களைப் பார்க்கிறாய்? நிஜமாகவே கேட்கிறேன். கண்ணைப் பார்ப்பாயா, நெற்றியையா?

தொமோயோ


குஷிரோ
1994 ஜனவரி 20

தொமோயோ,

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு தொழில்காரி இன்னொரு தொழில்காரிக்குச் சொல்வதாக வைத்துக்கொள்.

பஸ் போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்பது பேரைப் பார்த்து நின்று, வழியில் வருவதைப் பற்றிச் சொல்வதும் நடுநடுவே பாடுவதும்தான் என் வேலை. தலையில் தொப்பி, கையில் வெள்ளைக் கையுறை. முதல் நாள் நானும் வாந்தி எடுத்தேன். ஆனால் அது வளைவுகளால். எங்கள் டிரைவர் ஒகுடா அண்ணன், "பாட்டுக்காரி வந்திருக்கான்னாங்க, இது என்னடா பூனைக்குட்டி மாதிரி இருக்கு" என்று சிரித்தார்.

கண்ணையும் பார்க்காதே, நெற்றியையும் பார்க்காதே. ஏறும்போதே ஒவ்வொருவரையும் கவனி. யார் முழங்கால் வலியோடு ஏறுகிறார், யார் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், யாருக்கு ஜன்னல் சீட் கிடைக்காத வருத்தம். பாதி ஜனம் உன்னைவிட அதிகமாகப் பயந்துபோய்த்தான் வந்திருக்கும். அது தெரிந்துவிட்டால் நீ பரீட்சை எழுத வந்தவள் இல்லை, விருந்து வைக்கிற வீட்டுக்காரி. அப்புறம் வாய் தானாகத் திறக்கும்.

வேடிக்கையாகப் பேச வராவிட்டால் பேசாதே. "அடுத்து ஒரு பாட்டு" என்று மட்டும் சொல். நாற்பது பேர் கைதட்டிவிடுவார்கள், பார்.

உன் அம்மாவுக்கு இடுப்பு வலி. நான் வாரம் ஒரு முறை மண்ணெண்ணெய் டப்பாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன். உனக்காக இல்லை. அவர் வைக்கும் மீன் குழம்புக்காக.

ரிட்சுகோ


கோயென்ஜி
1995 அக்டோபர் 3

ரிட்சுகோ,

இசைத்தட்டு போன வசந்தத்தில் வந்ததும், அதை யாரும் வாங்காததும் உனக்குத் தெரிந்திருக்கும். நம் ஊர்க் கடையில் ஒன்று இருந்தது என்றும் ஒரு மாதத்தில் அது காணாமல் போனது என்றும் அம்மா எழுதியிருந்தார். வாங்கியது யார் என்று நான் கேட்கப் போவதில்லை.

நேற்று கம்பெனியில் கூப்பிட்டு இனி என்னை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பெரிய மேஜை. ஐந்து பேர் எனக்குத் தலைகுனிந்து வணக்கம் சொன்னார்கள். நானும் குனிந்தேன். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் வெகுநேரம் குனிந்தே நின்றோம். இகராஷி மட்டும் குனியவில்லை. என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்ததும், "நானும் இங்க ரொம்ப நாள் இருக்க மாட்டேன்" என்றார்.

இப்போது சுவரைப் பார்த்துப் பாடுவதில்லை. நீ சொன்னபடி வருகிறவர்களைக் கவனிக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் முப்பது பேர்வரை வருகிறார்கள். "அடுத்து ஒரு பாட்டு" என்பேன், கைதட்டுகிறார்கள். ஆனால் முப்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கையை நடத்த முடியாது. சலவைக்கடை அம்மாள் என்னை முழுநேரத்துக்கு வரச் சொல்கிறார்.

ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று பார்க்கிறேன். அம்மாவுக்கும் உதவியாக இருக்கும். துறைமுகத்தில் நண்டு டப்பா அடைக்கும் ஆலையில் ஆள் எடுக்கிறார்களாமே? நீ என்ன நினைக்கிறாய்?

தொமோயோ


குஷிரோ
1995 அக்டோபர் 9

வராதே.

உன் அம்மாவைச் சாக்கு சொல்லாதே. அவர் நன்றாக இருக்கிறார். நேற்று என்னை உட்கார வைத்து உன் அப்பாவைப் பற்றி இரண்டு மணி நேரம் வசை பாடினார். அதற்குத் தெம்பு வேண்டாமா?

தொமோயோ, நான் இதை ஒரு தடவைதான் சொல்வேன். என்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போனாய். இரண்டரை வருஷமாக அதை விழுங்கிக்கொண்டிருக்கிறேன். நீ அங்கே பாடிக்கொண்டிருந்தால் அது ஏதோ ஒன்றுக்காகச் செய்த துரோகம் என்றாவது இருக்கும். நீ திரும்பி வந்து நண்டு டப்பா அடைத்தால் அது ஒன்றுமில்லாததற்குச் செய்த துரோகம் ஆகிவிடும். தினமும் காலையில் பஸ் டிப்போவுக்குப் போகும் வழியில் அந்த ஆலையைத் தாண்டித்தான் நான் போக வேண்டும். உன் முகத்தை அங்கே பார்க்க என்னால் ஆகாது.

சலவைக்கடையில் முழுநேரம் சேர். செவ்வாய்க்கிழமையை மட்டும் விடாதே.

இசைத்தட்டை நான்தான் வாங்கினேன். நான்காவது பாட்டு நீளம். ஏழாவது நன்றாக இருக்கிறது.

ரிட்சுகோ


கோயென்ஜி
1998 ஜூன் 21

ரிட்சுகோ,

எவ்வளவு நாள் ஆகிவிட்டது! புத்தாண்டு அட்டை தவிர வேறு ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

நீ கேள்விப்பட்டிருப்பாய். இகராஷி வேறு கம்பெனிக்குப் போய், ஒரே ஒரு பாட்டு என்று கெஞ்சி எனக்கு வாய்ப்பு வாங்கினார். அந்தப் பாட்டுதான் "பனிச்சங்கு". பனிமூட்ட நாட்களில் நம் துறைமுகத்தில் ஊதுவார்களே, அதை வைத்து எழுதினேன். ஒரு தொலைக்காட்சியில் மாலை வானிலை அறிக்கைக்குப் பின்னால் போட ஆரம்பித்தார்கள். லாரி ஓட்டுபவர்கள் வானொலிக்கு எழுதிக் கேட்டார்களாம். இந்த வாரம் அது நாட்டில் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. இதை எழுதும்போதே யாரோ வேறொருத்தியைப் பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது.

நேற்று சலவைக்கடையை விட்டு நின்றேன். அம்மாள் அழுதார். "கடைசியா ஒரு சட்டை இஸ்திரி போட்டுட்டுப் போ" என்றார். ஆறு போட்டுக் கொடுத்தேன். எதிரே இருக்கும் காய்கறிக்கடையில் என் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முள்ளங்கி வாங்க வந்த ஒரு பெண் கூடவே முணுமுணுத்தாள். நான் கடைக்குள் ஒளிந்துகொண்டேன்.

நீ எப்படி இருக்கிறாய்? அம்மா சொன்னார், இப்போது புது கைடுகளுக்கு நீதான் பயிற்சி கொடுக்கிறாயாமே. பாட்டைக் கேட்டாயா?

தொமோயோ


குஷிரோ
1998 ஜூலை 2

தொமோயோ,

கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொரு கூட்டமும் கேட்கிறது. "கைட் அக்கா, உங்க ஊர்ப் பொண்ணு பாட்டு ஒண்ணு எடுத்து விடுங்க!" தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு நாட்டுப்பாடல் பாடுகிறேன்.

ஏன் பாடவில்லை என்று ஒகுடா அண்ணன் கேட்டார். அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

"வா, வா, கரை இங்கே" என்று வருகிற அந்த நாலு வரியின் மெட்டு யாருடையது?

நமக்குப் பதினாறு வயது. பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்காக நிற்கிறோம். கண்ணுக்கு முன்னால் கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. சங்கு ஊதுகிறது. நான் அந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்வதுபோல் ஒரு மெட்டு முனகினேன். நீ, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்றாய். பஸ் வரும்வரை பாடினேன். வார்த்தையே கிடையாது, வெறும் "லா லா". என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே மெட்டு அதுதான். நீ நூறு போட்டிருப்பாய். எனக்கு ஒன்றுதான்.

தெரியாமல் வந்துவிட்டது என்று நீ சொன்னால் நம்புவேன். சத்தியமாக நம்புவேன். சொல்.

ரிட்சுகோ


கோயென்ஜி
1998 ஜூலை 8

ரிட்சுகோ,

தெரியாமல்தான் வந்தது. ஒரு நாள் மட்டும்.

எழுதிய அன்று அது எனக்கே வந்த மெட்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலை இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி மேலே வந்து எதிரே ஒன்றும் தெரியாமல் போனது. அந்த வெள்ளைக்குள் உன் குரல் கேட்டது. யாருடையது என்று அப்போதே தெரிந்துவிட்டது. பதிவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. உனக்கு எழுதப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். மறுபடி அதையே செய்துவிட்டேன்.

நேற்று இகராஷியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்லவர், ஆனால் பயந்துபோனார். "அச்சாகி ஊரெல்லாம் போயாச்சு. யாரும் கேக்கல. அஞ்சு வருஷம் கழிச்சு இப்பதான் கதவு திறந்திருக்கு, நீயா ஏன் சாத்தற? கொஞ்சம் பொறு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

பொறுத்திருப்பது எனக்கு எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

தொமோயோ


குஷிரோ
1998 செப்டம்பர் 5

தொமோயோ,

உன் ஜூலைக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று எழுத வரவில்லை, உன்னைத் திட்டவும் வரவில்லை. இப்போது எழுதியே ஆக வேண்டும்.

வியாழக்கிழமை மாலை டிப்போ உணவறையில் இருந்தோம். டிவியில் பாட்டு நிகழ்ச்சியின் நேரடி ஒளிபரப்பு. நீ வருகிறாய் என்று எனக்குத் தெரியும், அதனால் முதுகைக் காட்டி உட்கார்ந்து சோயாச் சாறு குடித்துக்கொண்டிருந்தேன். அந்த நிகழ்ச்சிக்காரர் வழக்கம்போல், "தொமோயோ பேசவே மாட்டாங்கன்னு சொல்றாங்க, பாட்டைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை?" என்று கிண்டலாகக் கேட்டார். சத்தம் இல்லை. "டிவி கெட்டுப்போச்சா?" என்று ஒரு டிரைவர் எழுந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். நீ மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். கழுத்து நரம்பு தெரிந்தது. ஒரு வார்த்தை பேச வந்தவள் இவ்வளவும் பேசினாய்:

"இந்தப் பாட்டோட நடு மெட்டு என்னுது இல்ல. குஷிரோவுல என் சிநேகிதி ரிட்சுகோ போட்டது. பதினாறு வயசுல. நான் சொல்லாம எடுத்துக்கிட்டேன். சொல்லணும்னு தெரிஞ்சும் சொல்லல. அவ பஸ்ல பாடறா. என்னைவிட நல்லா பாடுவா."

அந்த மனிதர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "அடுத்து ஒரு பாட்டு" என்றாய்.

ஒகுடா அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஏய் ரிட்சு! உன் பேரு! டிவில உன் பேரைச் சொல்லுதுடி அந்தப் பொண்ணு!" பதினேழு டிரைவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். என் மடி முழுக்கச் சோயாச் சாறு. நான் அழுதேன் என்று உன் அம்மா எழுதியிருந்தால் நம்பாதே, அவர் அங்கே இல்லை.

நீ பாடியபோது குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் சுருதி விலகினாய். அந்தக் கூச்சக்காரி இதைச் செய்தாளே என்று ஊரே பேசுகிறது. எனக்கு மட்டும்தான் தெரியும், உனக்குப் பாடுவது கஷ்டம் இல்லை, அதைச் சொன்னதுதான் கஷ்டம் என்று.

அப்புறம் ஒன்று. நேற்றிலிருந்து டூரிஸ்டுகள் என்னைப் போட்டோ எடுக்கிறார்கள். அதற்கு உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன்.

ரிட்சுகோ


கோயென்ஜி
1999 மார்ச் 14

ரிட்சுகோ,

இசைத்தட்டின் புதிய அச்சில் உன் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வந்திருப்பதைப் பார்த்திருப்பாய். அன்று நிகழ்ச்சி முடிந்ததும் இகராஷி என்மேல் கத்துவார் என்று காத்திருந்தேன். காரில் ஏறியதும் அவர், "மூணாவது பாட்டைக் கேட்டப்பவே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு, இந்தப் பொண்ணு ஒரு நாள் வாயைத் திறந்தா நமக்கு ஆபத்துன்னு" என்றார். சிரித்துவிட்டோம். பாட்டை வானொலியிலிருந்து யாரும் எடுக்கவில்லை. இன்னும் அதிகமாகப் போடுகிறார்கள்.

ஜூன் 19ஆம் தேதி குஷிரோ நகர மண்டபத்தில் என் நிகழ்ச்சி. ஆயிரத்தைந்நூறு இருக்கைகள், இரண்டே நாளில் விற்றுவிட்டனவாம். உன்னை மேடைக்கு அழைக்க ஆசைப்படுகிறேன். நீ "பனிச்சங்கு" பாடு, நான் கிடார் வாசிக்கிறேன், பழையபடி. முதலிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். உன்னிடமிருந்து எடுத்ததை எல்லோர் முன்னாலும் உனக்குத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகும்.

வருவாயா?

தொமோயோ


குஷிரோ
1999 மார்ச் 22

தொமோயோ,

வர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, அதனால் முழுவதும் படி.

நீ பேசிய நாளிலிருந்து எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். "அந்த வாய்ப்பு உனக்கு வந்திருக்க வேண்டியதும்மா" என்று கிழவிகள் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நீயும் அப்படித்தான் நினைக்கிறாய் என்று உன் கடிதத்தில் தெரிகிறது. திருப்பிக் கொடுப்பதாம். எதை? அந்த மனிதர் மூன்றாவது பாட்டைக் கேட்டுவிட்டு உன்னைக் கூப்பிட்டது சரிதான். எனக்குக் குரல் இருந்தது. உனக்குச் சொல்வதற்கு ஏதோ இருந்தது. பதினெட்டு வயதில் அது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது, அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆறு வருஷமாக வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம்வரை தினமும் நாற்பது பேருக்குப் பாடுகிறேன். இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒருவர் தன் இறந்துபோன தங்கை பாடுவதுபோல் இருந்தது என்று சொல்லிவிட்டு ஏரிக்கரையில் நின்று அழுதார். நான் மீட்கப்பட வேண்டியவள் இல்லை, தொமோ.

19ஆம் தேதி ஒபிஹிரோ விவசாயிகள் சங்கம், நாற்பத்திரண்டு பேர். விடுப்பு எடுக்க மாட்டேன். ஆனால் 20ஆம் தேதி காலை எட்டரைக்கு ஏரிக்குப் போகும் பஸ் என்னுடையது. ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்கார். நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

முகத்தை மறைத்துக்கொண்டு வா. கலாட்டா பண்ணினால் இறக்கிவிடுவேன்.

ரிட்சுகோ


டோக்கியோ
1999 ஜூன் 23

ரிட்சு,

இறங்கும் இடத்தில் அவ்வளவு கூட்டம், உன்னோடு சரியாகப் பேசவே முடியவில்லை. நீ வெள்ளை உறை போட்ட கையால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த பாட்டிக்குக் கை கொடுக்கப் போய்விட்டாய். அது போதும்தான். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று நடந்தது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முந்தின நாள் மண்டபத்தில் ஆயிரத்தைந்நூறு பேர் முன்னால் பாடினேன். நன்றாகத்தான் போயிற்று. அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து பக்கத்து இருக்கைக்காரரிடம் நிகழ்ச்சி முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் மறுநாள் காலை உன் பஸ்ஸில் தொப்பியும் முகக்கவசமுமாக ஏறி உட்கார்ந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

நீ மைக்கை எடுத்து "வணக்கம்" என்று சொன்ன அந்த நொடியில் நாற்பது பேரும் ஒரே வீட்டு மனிதர்கள் ஆகிவிட்டார்கள். அதை எப்படிச் செய்தாய் என்று கூர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. மலைமேல் ஏறும்போது மீனவர் பாட்டுப் பாடினாய். பாதி ஜனம் வெளியே ஏரி தெரிந்ததைக் கவனிக்கவே இல்லை. அப்போது முன்சீட்டுக்காரர் கேட்டாரே, "இவ்வளவு நல்லா பாடறியே, நீ ஏன் பாடகியா ஆகல?" என்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"ஆயிட்டேனே! இப்ப பாடுனது யாரு, டிரைவரா?"

பஸ்ஸே சிரித்தது. ஒகுடா அண்ணன் ஹார்ன் அடித்தார். நான் முகக்கவசத்துக்குள் அழுதுகொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன்.

பிறகு வேண்டுமென்றே மைக்கைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் வந்து, "இந்த அம்மா பாடுவாங்க போலிருக்கு" என்று என்னிடம் நீட்டினாய். பாவி. அந்த நாலு வரியைத்தான் பாடினேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை. ஆறு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் யாரையும் பார்த்துக்கொண்டு நான் பாடியதில்லை. இரண்டாவது வரியில் நீ சேர்ந்துகொண்டாய். நீயும் அதை வார்த்தையோடு முதல் தடவையாகப் பாடுகிறாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இனி உனக்குத் தெரியாதது. வளைவு வந்ததும் நீ முன்பக்கம் போய்விட்டாய். என் பக்கத்தில் பெட்சுகாயிலிருந்து வந்த மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர், எழுபது வயது இருக்கும், என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்:

"பரவால்லம்மா, தைரியமா பாடுன. டிவில ஒரு பொண்ணு இதைப் பாடுமே, அது மாதிரியே இழுத்துப் பாக்கற. அதெல்லாம் வேண்டாம். அந்த கைட் பொண்ணு சேர்ந்து பாடுச்சு பாரு, அதைக் கேட்டுக் கத்துக்க."

"எனக்கும் அதே எண்ணம்தாங்க" என்றேன்.

நான் மனசு ஒடிந்துபோய்விட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, மடியில் வைத்திருந்த காய்ந்த கணவாயில் பாதியைக் கிழித்து என் கையில் வைத்தார். ஏரி வரும்வரை அதை மென்றுகொண்டே உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொமோ